சுவடிக்கட்டை அவிழ்க்கும் முன்: சுவடிக் காப்பகப் பொறுப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வர்ம ஆசான்மார் வீட்டுப் பரணிலும் வில்லுப்பாட்டுப் புலவர்களின் மரப்பெட்டியிலும் குமரி மாவட்டத்தில் இன்னும் பனையோலை ஏடுகள் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் காக்கும் பொறுப்புக்கு வருகிறவர் செய்யும் முதல் தவறு, கட்டு கைக்கு வந்ததுமே அவிழ்த்துவிடுவது. பூச்சி அரிப்பதை நிறுத்தலாம், கிழிசலை ஒட்டலாம். ஏடுகளின் வரிசை கலைந்தால் கலைந்ததுதான். ஏட்டெண் ஓரத்தில்தானே இருக்கிறது. ஓலையில் முதலில் உதிர்வதும் ஓரம்தான்.

ஆகவே அவிழ்க்கும் முன் நாலு பக்கமும் படமெடுங்கள். நீளம், அகலம், துளைகள், கயிறு, தந்தவர், பெட்டியில் கூடக் கிடந்தவை எல்லாவற்றையும் எழுதுங்கள். வைத்தியம், நில ஓலை, பாட்டு என்று பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் தொடர்பு அறுந்துபோகும். 2025/7/3 என்று எண் கொடுத்தால், அந்த ஆண்டின் ஏழாவது வரவு, அதில் மூன்றாவது பொருள் என்பது எப்போதும் விளங்கும். எண்ணை ஏட்டில் எழுதாதீர்கள். துணிப்பட்டையில் எழுதிக் கயிற்றில் கட்டுங்கள்.

இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் கண்டதும் வெயிலில் காயப்போடுகிறார்கள்; ஓலை வளைந்து நொறுங்கும். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். புல்தைலத்தை, அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெயை, பஞ்சில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும். ஊற்றினால் தூசி படிந்து ஏடுகள் ஒட்டிக்கொள்ளும். வண்ணம் தீட்டிய ஏட்டில் தைலமே வேண்டாம். பூச்சிக்கு, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரமாவது வைக்கலாம். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே பையைத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் ஓலைமேல் நீர் கோக்கும்.

தேதியிலும் சறுக்குகிறார்கள். பழைய ஏடுகளில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது ஆவணியில் பிறக்கும் மலையாள ஆண்டு. ஆங்கில ஆண்டு காண அதனோடு எப்போதும் 825 கூட்டினால் தப்பு. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825. பெருவெள்ளம் வந்த 1099 ஆடி, 1924. மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1132 ஐப்பசி, 1956. அந்த இணைப்புக்கு முன் இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் ஆவணங்களைச் சென்னையில் மட்டும் தேடுவதும் வீண். திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். மலையாள எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் கட்டாயம் வேண்டும்.

வாய்ப்பேச்சை நம்பிச் சுவடி வாங்காதீர்கள். கொடையா, இரவலா, படியெடுக்க அனுமதி உண்டா என்பதை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வர்ம ஏடு தருகிற ஆசான் சில பகுதிகளைப் பொதுவில் காட்டக்கூடாது என்றால், அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.