ஹெலிகாப்டர் கம்பெனியின் சிப்பாய்களுக்கு உரிய அங்கீகாரத்தைப் பெற்றுத் தருவது எப்படி?

வியட்நாம் போரில் பறந்த அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் கம்பெனிகள் என்ற படைப்பிரிவுகளைப் பற்றிய பேச்சு எழும்போது விமானிகளின் பெயர்களே முதலில் வருகின்றன. ஆனால் ஒரு ஹியூ ஹெலிகாப்டரில் பறந்த நால்வரில் இருவர் அதிகாரிகள் அல்லர். இடப்பக்கக் கதவருகே க்ரூ சீஃப், வலப்பக்கத்தில் டோர் கன்னர் என்ற துப்பாக்கி வீரர், இருவர் கையிலும் எம்-60 இயந்திரத் துப்பாக்கி என்பதே வழக்கமான அமைப்பு. விமானிகள் அன்றாடப் பணிப்பட்டியலின்படி மாறிக்கொண்டிருக்க, க்ரூ சீஃப் மட்டும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த ஒரே இயந்திரத்தோடு பகலெல்லாம் பறந்துவிட்டு, இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பழுது பார்த்தார். இத்தகையவர்களின் பணியை முறைப்படி அங்கீகரிக்க முனையும் குடும்பத்தாரும் கம்பெனியின் முன்னாள் வீரர் சங்கத்தாரும் பதக்கத்திலிருந்து தொடங்காமல், அவர் என்ன வேலை செய்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் பெயர்ப்பட்டியலைச் சரி செய்யுங்கள். ஒரு தாக்குதல் ஹெலிகாப்டர் கம்பெனியில் துருப்புகளை ஏற்றிச் செல்லும் இரண்டு பிளட்டூன்களும் (கம்பெனியின் உட்பிரிவுகள்) ஆயுத ஹெலிகாப்டர்களின் ஒரு பிளட்டூனும் இருந்தன. அவற்றோடு பராமரிப்பு, தகவல் தொடர்பு, மருத்துவம் ஆகியவற்றுக்கெனத் தனி எண் கொண்ட சிறு பிரிவுகள் இணைக்கப்பட்டிருந்தன. எண் வேறு என்பதாலேயே அந்தப் பிரிவினரின் பெயர்கள் கம்பெனிப் பட்டியலில் விடுபட்டுப் போவதுண்டு. கன்னர்களில் பலர் காலாட்படையிலிருந்து தாமாக முன்வந்தவர்கள் என்பதால், அவர்களுடைய பதிவுகளின் ஒரு பகுதியைப் பழைய படைப்பிரிவின் கோப்புகளிலும் தேட வேண்டும். எரிபொருள் நிரப்பியவர், ராக்கெட் ஏற்றியவர், சமையற்காரர் ஆகியோர் பறக்கவில்லை என்பதற்காக அவர்களை விட்டுவிட்டால் அந்தப் பட்டியல் பாதிப் பட்டியலே.

அடுத்தது ஆவணம். பணியிலிருந்து விலகும்போது தரப்பட்ட டிடி-214 படிவமே அடிப்படை. ஆனால் விருதுகளைப் பொறுத்தவரை அதை முழுமையானது என்று நம்பிவிடக் கூடாது. அவசரமாகத் தட்டச்சு செய்யப்பட்ட அந்தத் தாளுக்குப் பின்னர் வந்த ஆணைகள் அதில் ஏறியிருக்காது. முழுக் கோப்பையும் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திடம் எஸ்எஃப்-180 படிவத்தின் மூலம் கோரலாம். கோருபவர் அந்த வீரராகவோ, அவர் இறந்திருந்தால் மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவராகவோ இருக்க வேண்டும். பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்த பிறகு கோப்பு அனைவருக்கும் திறக்கப்படும். 1973-இல் அங்கு ஏற்பட்ட தீயில் எல்லாம் எரிந்துவிட்டது என்று சிலர் கைவிரிப்பார்கள். அந்தத் தீயில் அழிந்த தரைப்படைக் கோப்புகள் 1960-க்கு முன் விலகியவர்களுடையவை. ஆகவே வியட்நாம் வீரரின் குடும்பம் அந்தப் பதிலோடு திரும்பிவிட வேண்டியதில்லை.

கோப்பில் இல்லாததை ஹெலிகாப்டரின் வால் எண்ணை (வாலில் எழுதப்பட்ட அதன் தனி அடையாள எண்ணை) கொண்டு தேடலாம். க்ரூ சீஃப் ஒரே இயந்திரத்தோடு கட்டுண்டிருந்தவர் என்பதால், அந்த எண் எந்த நாளில் எங்கே சுடப்பட்டது, எங்கே விழுந்தது என்று தெரிந்தால், அவர் அன்று எங்கே இருந்திருக்கக்கூடும் என்பதற்கு நல்ல தடயம் கிடைக்கும். கம்பெனியின் செயற்பாட்டு அறிக்கைகள் மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விமானிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும், பின்புறம் பெயர் எழுதிய புகைப்படங்களும் பல நேரங்களில் அரசுத் தாள்களை விடப் பயன்படும்.

கிடைத்தவற்றைக் கொண்டு விடுபட்ட விருதுகளைப் பார்க்கும்போது, தகுதியால் தானாக வருபவை, பரிந்துரையால் மட்டும் வருபவை என இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகையில் மிகவும் விடுபட்டுப் போவது, ஒரு பிரிவு முழுவதற்கும் தரப்படும் படைப்பிரிவு விருதுகள். எடுத்துக்காட்டாக, வியட்நாம் குடியரசின் (தென் வியட்நாமின்) வீரச் சிலுவைப் படைப்பிரிவு விருது, 1974-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் பொது ஆணையால் அங்கிருந்த அமெரிக்கத் தரைப்படைத் தலைமையகத்துக்கும் அதன் கீழிருந்த பிரிவுகளுக்கும் வழங்கப்பட்டது. அதற்கு முன்பே வீடு திரும்பிய சிப்பாயின் டிடி-214 தாளில் அது எப்படி இருக்கும்? பறப்புப் பணிக்காகத் தரப்படும் வான் பதக்கத்துக்கு நேரக் கணக்கு உண்டு. தாக்குதல் பறப்பென்றால் 25 மணி, போர்க்கள ஆதரவுப் பறப்பென்றால் 50 மணி, பிற பறப்பென்றால் 100 மணி என்பது அங்கு பின்பற்றப்பட்ட அளவு. ஓராண்டு முழுதும் பறந்த க்ரூ சீஃபின் தாளில் ஒரே ஒரு வான் பதக்கம் இருந்தால் பறப்பு மணிகளைத் தேடிப் பார்ப்பது நல்லது. இத்தகைய பிழைகளைத் திருத்த, ஆவணங்களை இணைத்து முதலில் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் டிடி-149 படிவத்தோடு தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்தை அணுகலாம்.

வீரச் செயலுக்கான பதக்கம் வேறு கதை. அதற்கு அந்தக் காலத்திலேயே ஒருவர் பரிந்துரை எழுதியிருக்க வேண்டும். எழுதும் அதிகாரி இறந்துவிட்டாலோ இடம் மாறிவிட்டாலோ சிப்பாயின் செயல் காற்றோடு போயிற்று. காலம் கடந்த பரிந்துரையை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாக அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு டிஏ-638 படிவமும், நேரில் கண்டவர்களின் ஒப்பமிட்ட சான்றுரைகளும், செயலை விவரிக்கும் உரையும் தேவை. கண்டவர்கள் முதுமையடைந்துவிட்டதால் சான்றுரைகளையே முதலில் வாங்குங்கள். ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டும் தம் சொற்களில் எழுதட்டும்; ஒருவர் எழுதியதை மற்றவர் நகலெடுத்தால் அதைப் படிக்கும் அதிகாரி எளிதில் கண்டுகொள்வார்.

விவரிப்புரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 173-ஆவது தாக்குதல் ஹெலிகாப்டர் கம்பெனியின் டோர் கன்னர் கேரி வெட்செலுக்குக் கிடைத்த, அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான கௌரவப் பதக்கத்தின் உரையைப் படிக்கலாம். 1968 ஜனவரி 8 அன்று தரையிறங்கும் களத்தில் அவருடைய ஹெலிகாப்டர் எதிரியின் கடும் சூட்டில் சிக்கியது, ராக்கெட் வெடிப்பில் அவருடைய இடது கை சிதைந்தது, அந்த நிலையிலும் அவர் தம் துப்பாக்கி இருந்த இடத்துக்குத் தள்ளாடித் திரும்பிச் சுட்டார், பின்னர் காயமுற்ற விமானத் தலைவரை (ஹெலிகாப்டருக்குப் பொறுப்பான விமானியை) வரப்பு மறைவுக்கு இழுக்க முயன்ற க்ரூ சீஃபுக்கு உதவத் தவழ்ந்து சென்றார் என்று அது நிகழ்ச்சியை வரிசையாகச் சொல்கிறது. 'அஞ்சா நெஞ்சர்' என்ற பட்டத்தை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் அந்தக் கோப்பு நகர்ந்திருக்காது. உங்கள் உரையிலும் தேதி, இடம், வால் எண், எதிரி சுட்ட திசை, அவர் கையாண்ட கருவி, அதனால் பிழைத்தவர்கள் ஆகியவை இருக்கட்டும். தெரியாத விவரத்தை ஊகத்தால் நிரப்ப வேண்டாம். ஒரு பொய் சேர்ந்தாலும் மற்ற உண்மைகள் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பதக்கம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். ஆகையால் உயிரோடு இருப்பவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யும் வேலையை அதற்காகக் காக்க வைக்காதீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டம் குறைந்தது 30 நிமிடம் ஓடும், வெட்டி ஒட்டாத நேர்காணல்களை ஏற்றுக்கொள்கிறது. 'போரில் எப்படி உணர்ந்தீர்கள்' என்று தொடங்கினால் பெரும்பாலோர் ஓரிரு சொல்லில் முடித்துவிடுவார்கள். காலையில் முதல் பறப்புக்கு முன் எதை எதைச் சோதித்தீர்கள், எந்தப் பாகம் அடிக்கடி பழுதாயிற்று, துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். பேச்சு தானே வளரும், உடன் பறந்தவர்களின் பெயர்களும் வரும். அவற்றை உடனே பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.