பாதியில் நிற்கும் க்விக் வேலையைக் கையில் எடுக்கும் முன்

திறமூல நெட்வொர்க் புரோட்டோகால் ஒன்றுக்குப் பங்களிக்க ஆசையா? இணையத்தில் டேட்டாவை வேகமாகவும் பாதுகாப்பாகவும் கொண்டுசெல்லும் க்விக் (QUIC) நல்ல இடம். அதன் அடிப்படை விதிகள் 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தன. ஆனால் க்விக்கைச் செயல்படுத்தும் எல்லா லைப்ரரிகளிலும் (ஆயத்த நிரல் தொகுப்புகளிலும்) எல்லா வசதிகளும் முடிந்துவிடவில்லை. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறாமல் தொடரும் வசதி அப்படித் தள்ளிப்போகக்கூடிய ஒன்று.

உடனே நிரல் எழுத உட்காராதீர்கள். ஆர்எஃப்சியில் இதைப் பற்றிப் பேசும் 8, 9ஆம் பகுதிகளைப் படித்து, 'மஸ்ட்' (கட்டாயம்) என்று வரும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். உதாரணமாக, ஒரு முகவரியைச் சரிபார்க்கும்வரை, அங்கிருந்து வந்த டேட்டாவைப்போல் 3 மடங்குக்கு மேல் திருப்பி அனுப்பக்கூடாது. இதை விட்டுவிட்டால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் முகவரியைப் போலியாகப் போட்டு, அவர்மேல் டேட்டாவைக் கொட்டவைக்க முடியும். எனக்கு மிக முக்கியமாகப் படும் விதி இதுதான்.

அப்புறம், தொடங்கும் முன் அந்த லைப்ரரியின் பராமரிப்பாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்; வேறு யாராவது பாதி எழுதி வைத்திருக்கலாம்.

முடிந்ததும் உங்கள் நிரலை வேறொரு லைப்ரரியின் சர்வரோடு பேசவிட்டுப் பாருங்கள். இரண்டு முனையிலும் உங்கள் நிரலே இருந்தால், ஒரு முனை செய்யும் தவறை மறுமுனையும் சரி என்று ஏற்றுக்கொள்ளும்.