பெரிய வளவு இருக்கிறதா? வாரம் ஒரு சுற்று போய் வாருங்கள்

கொழும்பை அடுத்த தெஹிவளை, நுகேகொடைப் பக்கம் பெரிய வளவோடு வீடு இருந்தால் 'கொடுத்து வைத்தவர்கள்' என்பார்கள். மே மாத மழை தொடங்கியதும் புல் முழங்காலுக்கு வளர்ந்து நிற்பதை அவர்கள் பார்ப்பதில்லை!

புல் வெட்டுவதைக்கூட இரண்டு கிழமை தள்ளிப் போடலாம். தண்ணீர் தேங்கும் இடங்களை அப்படி விட முடியாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். அதனால் ஞாயிறு காலை போல ஒரு நாளை ஒதுக்கி, கிழமைதோறும் வளவைச் சுற்றி வாருங்கள். சிரட்டை, அணில் கோதிய குரும்பை, விழுந்து கிடக்கும் பாளை, பூச்சாடியின் அடித்தட்டு, பழைய பெயின்ட் வாளி, பலா இலை அடைத்த கூரைப் பீலி எல்லாம் பார்க்க வேண்டும். பீலியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள், ஏணி வைக்கப் பஞ்சி.

தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கி, அடுத்த மழைக்குப் பொரிக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். நுளம்பு பெருக விட்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வழக்கும் வரலாம்.

பிறகு, வளவு முழுக்கப் புல்தரை எதற்கு? முன்பக்கம் மட்டும் போதும். பின்பக்கம் மரங்களின் கீழ் சருகைப் பரப்பிவிட்டால் களையும் குறையும், வெட்டுக்கூலியும் குறையும். வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், கறையான் ஏறும்.