ஓடைக் கல்லைப் புரட்டிப் பாருங்கள்

காப்புப் பூங்காவின் நலத்தை மதிப்பிடக் கிளம்பினால் நான் முதலில் போவது ஓடைக்குத்தான். மேட்டில் நடப்பதெல்லாம் தண்ணீரில் இறங்கி வந்துவிடும்.

நீர் சலசலத்து ஓடும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். தட்டையாக ஒட்டிக்கொண்டு சிறு பூச்சிகள் ஊரும்; பெரும்பாலும் வளர்ந்தபின் பறக்கும் பூச்சிகளின், நீரில் வாழும் இளம்பருவம் அவை. வயிற்றின் இரு பக்கமும் இறகு போலச் செவுள் துடித்தால் அது மேஃபிளை என்ற பூச்சி. பெரும்பாலும் மூன்று வால் இழை இருக்கும். இரண்டே இழை, கால் நுனியில் இரட்டை நகம் என்றால் ஸ்டோன்ஃபிளை என்ற இன்னொரு பூச்சி. இரண்டுக்குமே ஆக்சிஜன் நிறைந்த நல்ல தண்ணீர் வேண்டும். அவை இல்லாமல் சிவப்புப் புழுக்கள் மட்டும் மண்டிக் கிடந்தால் எனக்கு மனம் கனத்துவிடும்.

சரி, ஒரு கல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்து இடமாவது பாருங்கள், கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். இதே வகையான, மனிதக் கை அதிகம் படாத ஓடையில் என்ன கிடைக்கிறது என்பதோடு ஒப்பிட்டால்தான் 'நன்று', 'மோசம்' என்று எழுத முடியும்.

அப்புறம் கரை. அரிப்பு, வெளியே தெரியும் வேர், களைச்செடி எல்லாவற்றையும் படமெடுங்கள். முதல் ஆண்டு நான் கேமரா நோக்கிய திசையைக் குறிக்கவில்லை. அந்தப் படங்களை எதோடும் ஒப்பிட முடியவில்லை. இடம், திசை, பருவம் மூன்றும் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கட்டும். எதுவும் கிடைக்காத கல்லையும் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.