கரியில் போடும் முன்னா, இறக்கிய பிறகா? ஒவ்வொரு சாஸுக்கும் ஒரு நேரம்

கோழி இறக்கை மேலே கன்னங்கரேலென்று கருகி, எலும்போரம் மட்டும் வேகாமல் நிற்கிறதா? எல்லாரும் நெருப்பைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் தவறு சாஸைத் தடவிய நேரத்தில் இருக்கிறது. சீனி 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிறம் மாறத் தொடங்கும். அதற்கு மேலே போகப் போகக் கசப்பு ஏறும். நன்றாகக் கனிந்த கரியின் மேல் இருக்கும் கம்பி வலையோ 250 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். அதனால் எந்த ஊர் சாஸாக இருந்தாலும் முதலில் அதில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று பாருங்கள். சீனி மிகுந்தது கடைசிப் பத்து நிமிடத்துக்கு. பச்சையாக அரைத்ததும் மயோனிஸ் கலந்ததும் இறைச்சியை இறக்கிய பிறகு.

அமெரிக்காவில் இந்த வேறுபாடு மாநிலத்துக்கு மாநிலம் தெரியும். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகர், காய்ந்த மிளகாய்ச் செதில், உப்பு அவ்வளவுதான், தக்காளி கிடையாது. தென் கரோலினாவில் கடுகு சாஸ். கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் கரும்புப் பாகும் சேர்ந்த கெட்டிச் சாஸ். நம் கடைகளில் ‘பார்பிகியூ சாஸ்’ என்று புட்டியில் வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். கருகுவதும் இதுதான்.

வீட்டிலேயே செய்ய, 1 கிலோ இறக்கைக்கு: தக்காளி கெச்சப் 200 மில்லி, வினிகர் 60 மில்லி, சீவிய கூலா மெலாக்கா (தென்னை வெல்லம்) 60 கிராம், மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, கடுகுப்பொடி 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. சிறு தீயில் 15 நிமிடம், கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்கும்வரை காய்ச்சுங்கள். வெள்ளைச் சீனியைவிடக் கூலா மெலாக்கா இதற்குப் பொருந்தும். கரும்புப் பாகின் அடர்ந்த மணத்துக்கு அது நெருக்கம். இறக்கைக்கு உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி, கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தில் வைத்து 25 நிமிடம் வேகவிடுங்கள். எலும்போரம் 74 டிகிரி வந்ததும் சாஸை மெல்லியதாக இரண்டு முறை தடவுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் மூன்று, நான்கு நிமிடம் போதும்.

அலபாமாவில் கோழிக்கு வெள்ளை சாஸ்: மயோனிஸ், வினிகர், மிளகு. இதை நெருப்பின் மேல் தடவினால் மயோனிஸ் திரிந்து எண்ணெய் தனியாகப் பிரியும். இறக்கிய கோழியை அதில் முக்கி எடுப்பதே சரி. அர்ஜென்டினாவின் சிமிச்சுரியும் அப்படித்தான். பார்ஸ்லி, பூண்டு, ஓரிகானோ, வினிகர், எண்ணெய் கலந்து அரை மணி நேரம் வைத்து, பரிமாறும்போது மேலே ஊற்றுவார்கள். சூடு பட்டால் இலையின் பச்சை போய்விடும்.

இனி நம் ஊர், மலாய்ச் சமையல்.

சாத்தே கம்பியில் ஏறும் இறைச்சியின் மசாலாவிலேயே சீனி இருக்கிறது. அதனால்தான் வியாபாரி விசிறிக்கொண்டே அடிக்கடி திருப்புகிறார். தட்டிய செரைத் (எலுமிச்சைப்புல்) தண்டின் நுனியைத் தூரிகையாக்கி எண்ணெய் தொட்டுத் தடவுவதும் அதற்காகத்தான்: மேற்பரப்பு காயாது, செரை மணமும் ஏறும். கூவா காச்சாங் என்ற கடலைச் சாஸ் நெருப்புப் பக்கமே போகாது, அது தொட்டுக்கொள்ள.

சுமார் 40 கம்பிக்கு, தோல் நீக்கி வறுத்த நிலக்கடலை 300 கிராமைக் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் சாந்தாகிவிடும். பல்லில் படுவதுதான் இதன் சுவை. ஊறவைத்த காய்ந்த மிளகாய் 15, சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், செரை 2 தண்டின் வெள்ளைப் பகுதி, லெங்குவாஸ் (பேரரத்தை) 2 சென்டிமீட்டர் துண்டு ஆகியவற்றை விழுதாக அரையுங்கள். 120 மில்லி எண்ணெயில் சிறு தீயில் 15 நிமிடம் வதக்குங்கள். ஓரங்களில் சிவப்பு எண்ணெய் பிரிந்து மேலே வரவேண்டும். மலாய்க்காரர்கள் ‘பெச்சா மின்யாக்’ என்பது இந்தக் கட்டத்தைத்தான். அவசரப்பட்டால் மிளகாயின் பச்சை வாடை கடைசிவரை போகாது, எவ்வளவு சீனி போட்டாலும் மறையாது. பிறகு தண்ணீர் 600 மில்லி, 25 கிராம் புளியின் கரைசல், கூலா மெலாக்கா 70 கிராம், உப்பு. கொதி வந்த பிறகே கடலை. முன்பே போட்டால் அடியில் தங்கிப் பிடிக்கும். 15 நிமிடம் கிளறிக்கொண்டே இருந்து, நீங்கள் விரும்பும் பதத்தைவிடக் கொஞ்சம் தண்ணீராகவே இறக்குங்கள். ஆற ஆறக் கடலை நீரை உறிஞ்சும். அப்போதும் கெட்டியானால் ஒரு கரண்டி சுடுதண்ணீர்.

இக்கான் பாக்கார், அதாவது சுட்ட மீன், வேறு வழியில் போகிறது. கானாங்கெளுத்தியோ திருக்கையோ, சம்பல் (மிளகாய் விழுது) தடவிய மீனை வாழையிலையில் வைத்துச் சுடுவார்கள். நெருப்புக்கும் சம்பலுக்கும் நடுவில் இலை தாங்குகிறது, அதனால் சீனி கலந்த சம்பலும் கருகாது. இலையை முதலில் அனலில் வாட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும்.

தொட்டுக்கொள்ள ஆயர் அசாம் என்ற புளிக் கரைசல்: 30 கிராம் புளியை 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். பெலாச்சான் (புளித்த இறால் விழுது) 10 கிராமை வெறும் சட்டியில் இரண்டு மூன்று நிமிடம், உலர்ந்து பொடியாக உதிரும்வரை வறுக்க வேண்டும் (சன்னலைத் திறந்துவிட்டு). நறுக்கிய சின்ன வெங்காயம் 4, சிலி பாடி (சின்னக் காரமிளகாய்) 5, தக்காளி 1, சீனி 1 தேக்கரண்டி சேர்த்து 15 நிமிடம் விடுங்கள். அதற்குள் வெங்காயத்தின் காரம் அடங்கும். அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஜப்பானிய யாக்கிதோரிக்கு (கம்பியில் சுட்ட கோழி) தடவும் தாரே சாஸில் மிரின் என்ற அரிசி மது சேரும். முஸ்லிம் விருந்தினர் வந்தால் அதை விட்டுவிட்டு சோயாவும் சீனியும் மட்டும் காய்ச்சுங்கள். கொரிய ஊறலில் பேரிக்காய் சேர்ப்பது இறைச்சி மிருதுவாக. பேரிக்காய்க்குப் பதில் அன்னாசி போட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், கோழி மேலே சொதசொதவென்று ஆகிவிடும். சைவ நாளில் புட்டியைத் திருப்பிப் படியுங்கள்: வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன், ஆய்ஸ்டர் சாஸில் சிப்பி. பெலாச்சானுக்குப் பதில் தௌச்சு (புளித்த சோயா விழுது) ஒரு மேசைக்கரண்டி போட்டால் உப்பும் புளித்த மணமும் கிடைத்துவிடும்.

எந்த சாஸானாலும் தொட்டுக்கொள்ளும் பங்கைத் தொடக்கத்திலேயே தனிக் கிண்ணத்தில் ஒதுக்குங்கள். பச்சைக் கோழியைத் தொட்ட தூரிகை அந்தக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது.