தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்குக் கல்லூரி தேர்ந்தெடுத்தல்: புதிதாகக் குடியேறியவர்களுக்கு

கல்லூரிகளின் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன்பு, உங்களுடைய குடிவரவு நிலை என்ன என்பதையும் அந்த நிலையில் உள்ளவரிடம் கல்லூரிகள் எந்தக் கட்டணத்தை வசூலிக்கும் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்து படிக்கும் இருவரில், உள்நாட்டு மாணவராகக் கருதப்படுபவரைவிட வெளிநாட்டு மாணவர் பல மடங்கு கூடுதலாகக் கட்டுவது வழக்கம். கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் பாதுகாப்பு வழங்கப்பட்ட அகதிகளும் பொதுவாக உள்நாட்டுக் கட்டணத்தையே செலுத்துகிறார்கள். இங்கிலாந்தில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை மட்டும் பெரும்பாலும் போதாது. படிப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகள் அங்கே வழக்கமாக வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி, ஆனால் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர் அரசு மானிய இடத்தில் சேரலாம் என்றாலும், மானியம் போக மாணவர் கட்ட வேண்டிய பங்குத் தொகைக்கான அரசுக் கடன் பெரும்பாலும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மனிதாபிமான அடிப்படையில் நிரந்தர விசா பெற்றவர்களுக்குமே கிடைக்கும். இந்த வேறுபாடுகளைப் பார்க்கும்போது, சில குடும்பங்களுக்குச் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைப்பதே அறிவுள்ள முடிவாக இருக்கும். அவசரப்பட்டுக் கடனில் இறங்க வேண்டாம் என்று அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்ததாக, கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் உயர்கல்வியைக் கண்காணிக்கும் டெக்சா (TEQSA) அமைப்பின் தேசியப் பதிவேட்டிலும், இங்கிலாந்தில் அதே பணியைச் செய்யும் மாணவர்களுக்கான அலுவலகத்தின் (Office for Students) பதிவேட்டிலும், அமெரிக்காவில் கல்வித் துறை ஏற்றுக்கொண்ட அங்கீகார அமைப்புகளின் பட்டியலிலும் இதை நீங்களே இணையத்தில் சரிபார்க்கலாம். கனடாவில் இந்த அதிகாரம் மாகாண அரசுகளிடம் இருப்பதால், அந்தந்த மாகாணத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்றிருப்பது மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகாது. 2011ஆம் ஆண்டு அமெரிக்க அதிகாரிகள் கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகத்தில் சோதனை நடத்தி அதை மூடியபோது, மாணவர் விசாவில் வந்திருந்த ஏராளமான இந்தியர்கள் படிப்பையும் விசா நிலையையும் ஒருசேர இழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 2022 தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த மூன்று தனியார் கல்லூரிகள் திடீரென மூடப்பட்டபோதும், கட்டணம் கட்டிய இந்திய மாணவர்கள் பலர் தவித்தார்கள்.

நிறுவனத்துக்கான அங்கீகாரம் வேறு, பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. கணினிப் பட்டங்களை அமெரிக்காவில் ஏபெட் (ABET), பிரிட்டனில் பிசிஎஸ் (BCS), ஆஸ்திரேலியாவில் ஏசிஎஸ் (ACS), கனடாவில் சிப்ஸ் (CIPS) ஆகிய அமைப்புகள் மதிப்பிடுகின்றன; 2008இல் உருவான சியோல் உடன்பாட்டின்படி இவை ஒன்றின் மதிப்பீட்டை மற்றொன்று ஏற்கின்றன. பின்னாளில் வேறு நாட்டுக்குக் குடிபெயரும் எண்ணம் உள்ளவருக்கு இது உதவும். எனினும், புகழ்பெற்ற சில பல்கலைக்கழகங்கள் இந்த மதிப்பீட்டை நாடுவதே இல்லை என்பதால், இது இல்லாத காரணத்துக்காக மட்டும் ஒரு நல்ல கல்லூரியை ஒதுக்கிவிடக் கூடாது.

நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது பாடத்திட்டத்தில்தான். ஏசிஎம் (ACM), ஐஇஇஇ (IEEE) முதலிய கணினித் துறை வல்லுநர் அமைப்புகள் இணைந்து 2005இல் வெளியிட்ட அறிக்கை கணினித் துறையை ஐந்து பிரிவுகளாக வகுத்தது: கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் முறைமைகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல். 2020இல் வந்த அறிக்கையில் இணையப் பாதுகாப்பும் தரவு அறிவியலும் சேர்ந்துகொண்டன. கணினி அறிவியலில் கணிதமும் கணக்கீட்டு வழிமுறைகளும் (அல்காரிதம்) முன்னே நிற்கும். தகவல் முறைமைகளில் வணிகத் தேவைகள் முன்னே நிற்கும். தகவல் தொழில்நுட்பமோ வலையமைப்பு, சேவையகம், தரவுத்தளம், பாதுகாப்பு ஆகியவற்றை ஒரு நிறுவனத்துக்காக அமைத்து இயக்குவதை மையமாகக் கொண்டது. ஆனால் கல்லூரிகள் இந்தப் பெயர்களை ஒரே சீராகப் பயன்படுத்துவதில்லை. ஆகவே பட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு பருவத்திலும் கற்பிக்கப்படும் பாடங்களின் விவரத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று கல்லூரிகளின் விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நிரலாக்கம் ஒரே பருவத்தோடு முடிந்துவிடுகிறதா, அல்லது தரவுக் கட்டமைப்பு (data structures) வரை தொடர்கிறதா என்று பாருங்கள். இயங்குதளம், வலையமைப்பு, தரவுத்தளம் ஆகிய மூன்றும் கட்டாயப் பாடங்களாக இருக்க வேண்டும். தனிநிலைக் கணிதமும் (discrete mathematics) புள்ளியியலும் ஓரளவாவது இருக்க வேண்டும். இறுதியாண்டில் மாணவர்கள் குழுவாகச் செய்யும் முழுமையான திட்டப்பணி ஒன்று இருக்க வேண்டும். பாடங்களின் பெயர்களில் நிறுவனத் தயாரிப்புகளே நிறைந்திருந்தால் தயங்குங்கள். சிஸ்கோவின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ, அமேசானின் மேகக்கணிமைச் (cloud) சான்றிதழ்கள் போன்றவை 3 ஆண்டுகளில் காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட வேண்டியவை. அவை பட்டத்தோடு கூடுதலாகக் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் பட்டமே அவற்றின் மேல் கட்டப்பட்டிருக்கக் கூடாது.

புதிதாக வந்தவருக்கு உள்ளூர் வேலை அனுபவம் இல்லாததே முதல் வேலைக்குப் பெரிய தடையாக இருப்பதால், படிக்கும்போதே கிடைக்கும் தொழிற்பயிற்சியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 முதலே படிப்புப் பருவத்தையும் வேலைப் பருவத்தையும் மாற்றி மாற்றி அமைக்கும் கோ-ஆப் முறையை நடத்திவருகிறது. பிரிட்டனில் படிப்பின் நடுவே ஓராண்டு நிறுவனத்தில் பணியாற்றும் முறை உண்டு. பயிற்சி இடத்தைக் கல்லூரி தேடித் தருமா அல்லது மாணவரே தேட வேண்டுமா, சம்பளம் உண்டா, அதற்குத் தனிப் போட்டியோ மதிப்பெண் வரம்போ இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். மாணவர் விசாவில் அமெரிக்காவில் படிப்பவர்கள், பட்டத்துக்குப் பின் 12 மாதப் பயிற்சி அனுமதியோடு, அறிவியல் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு உரிய 24 மாத நீட்டிப்பும் தங்கள் பாடநெறிக்குப் பொருந்துமா என்று சேரும்முன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

உலகத் தரவரிசைகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். அவை பெரும்பாலும் ஆராய்ச்சியை அளக்கின்றன, இளநிலை வகுப்பறையை அல்ல. சேர்க்கை முகவர் பலருக்குக் கல்லூரியே தரகுப் பணம் கொடுக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஏற்கெனவே பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள், அல்லது பாதியில் படிப்பை விட்டு வந்தவர்கள், முதலாண்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டிய கட்டாயம் எப்போதும் இல்லை. முன்பு படித்த பாடங்களுக்கு விலக்குக் கொடுக்கப் பல கல்லூரிகள் தயாராக இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் சமூகக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஏற்பாடுகளும் உள்ளன, அது செலவைக் கணிசமாகக் குறைக்கும். எந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாமல், பழைய கல்லூரியின் முத்திரையிட்ட விரிவான பாடத்திட்டத்தையும் பெரும்பாலும் கேட்பார்கள். அதை ஊரிலிருந்து வரவழைப்பதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், கல்லூரியை முடிவு செய்வதற்கு முன்பே அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.