வெடித்த டைல்ஸைப் பெயர்ப்பதற்கு முன் தட்டிப் பாருங்கள்

காட்பாடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அக்னி நட்சத்திர சமயத்தில் ஒரு ராத்திரி 'டப்' என்று சத்தம். காலையில் பார்த்தால் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் ஒன்று குறுக்கே வெடித்திருந்தது. "புதுசு ஒண்ணு ஒட்டிட்டா முடிஞ்சுது மாப்ள" என்றார் மாமா. ஒட்டினேன். ஆறே மாதத்தில் அதே இடத்தில் அதே வெடிப்பு. கோளாறு டைல்ஸில் இல்லை, அதன் அடியில்.

அதனால் முதல் வேலை தட்டுவது. ஒரு பத்து ரூபாய்க் காசால் மூலைக்கு மூலை தட்டுங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. காலிக் குடத்தைத் தட்டியது போல் 'டொக்' என்றால் பொக்கு. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகக் கலவை வைத்து அமுக்கிவிட்டுப் போன வேலை இப்படித்தான் பேசும்.

வெடிப்பு நாலைந்து டைல்ஸைத் தாண்டி ஒரே கோடாக ஓடுகிறதா? அப்போது கான்கிரீட்டே வெடித்திருக்கலாம். பென்சிலால் முனையைக் குறித்து, தேதி எழுதி, ஒரு மாதம் விடுங்கள். கோடு வளர்ந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், டைல்ஸ் கடைக்குப் போகாதீர்கள்.

இனி பெயர்ப்பது. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதலில் நாலு பக்க இடுக்கிலும் உள்ள கிரவுட்டை, அதாவது இடுக்கை நிரப்பியிருக்கும் பூச்சை, சுரண்டி எடுங்கள். இதை விட்டால் உளி அடி பக்கத்து டைல்ஸின் ஓரத்தைத் தெறித்துவிடும். எனக்குத் தெறித்தது. பிறகு சாக்கைப் போட்டு நடுவில் அடித்து உடைத்து, உளியைச் சாய்த்துப் பிடித்து நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். தரைக்குள் பைப், ஒயர் போகிறதா என்று முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கலவையையும் கொத்தி எடுக்க வேண்டும். புது டைல்ஸைச் சும்மா வைத்து, மட்டப்பலகை போட்டுப் பாருங்கள். பக்கத்துத் தரையைவிட ஐந்தாறு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் பசைக்கு இடம் சரி. தூசியைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் வெறும் சிமெண்ட் பால் பிடிக்காது. அது உறிஞ்சும் தண்ணீர் 0.5 சதவீதத்துக்கும் கீழே. வாளியில் ஊறப்போட்டும் பிரயோஜனமில்லை. விட்ரிஃபைடுக்கான டைல் பசை வாங்குங்கள். தண்ணீரில் பொடியைக் கொட்டிக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்குங்கள். ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய கரணையால் பசையை ஒரே திசையில் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லத் தடவி, ரப்பர் சுத்தியால் தட்டி அமர்த்துங்கள். ஒருமுறை தூக்கிப் பாருங்கள்: முதுகு முழுக்கப் பசை ஒட்டியிருக்க வேண்டும். வேலூர் வெயிலில் பசை சீக்கிரம் தோல் கட்டும், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இடுக்கு சமமாக நிற்க ஸ்பேசர் (சின்ன பிளாஸ்டிக் துண்டு) வைத்து 24 மணி நேரம் மிதிக்காமல் விட்டு, பிறகு கிரவுட்.

அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்கவில்லையா? பீரோவுக்கு அடியில் 'டொக்' என்று கேட்கும் ஒன்றைத் தேடுங்கள். கிரவுட்டை எடுத்துவிட்டு மெதுவாக நெம்பினால் பெரும்பாலும் முழுசாகவே வந்துவிடும். கூடத்துக்கு அதுதான், பீரோவுக்கு வேறு நிறம்.